காலண்டரில் இன்றைக்கு "மாற்றம்" என்று போட்டிருக்கிறது. நீங்கள் தினப்பலனை எப்படிப் படிக்கிறீர்கள்?

பாதிரிமரத்தடி | வியாழன், காலை 6:50

எங்கள் வீட்டில் காலண்டர் தாளைக் கிழிக்கும் உரிமை அம்மாவுக்கு மட்டும்தான். வயது 76. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு நேராகக் காலண்டரிடம் வருவார். சத்தமில்லாமல் கிழிக்கத் தெரியாது. நான் எழுந்திருப்பதே அந்தச் சர்ரென்ற சத்தத்தில்தான்.

தாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நடுவில் தேதி பெரிதாக. சுற்றிலும் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு, எமகண்டம், குளிகை, சூலம், பரிகாரம். ஆக அடியில், கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில் பன்னிரண்டு ராசி. ராசிக்கு ஒரே ஒரு வார்த்தை. வரவு, பகை, சுகம், அலைச்சல், பாராட்டு, இப்படி. நான் கன்னி, அஸ்தம். இன்றைக்கு எனக்கு "மாற்றம்".

விஷயம் இதுதான். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 17 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். முதலாளி புதுச்சேரியில் பெரிய மார்க்கெட் பக்கம் இன்னொரு கடை திறக்கிறார். அங்கே கணக்கை நீங்களே மொத்தமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். சம்பளம் கொஞ்சம் கூடும். தினமும் பஸ். மூன்று வாரமாக "பார்க்கலாம் சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டார். இன்று காலை அம்மா "கன்னி, மாற்றம்" என்று கூடத்திலிருந்து உரக்கப் படித்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. காபியை மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தை மாதத்திலிருந்து, கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு நடந்ததை ராத்திரி பென்சிலால் இரண்டு வரி எழுதி முறுக்கு டப்பாவில் போட்டு வைக்கிறேன். பலித்ததா இல்லையா என்று பார்ப்பதற்காக ஆரம்பித்ததுதான். பத்து நாளில் அந்த ஆர்வம் போய்விட்டது, எழுதுவது மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் "பகை" என்று இருந்தது. காலையிலேயே மூட்டை இறக்கும் பையனிடம் எரிந்து விழுந்தேன். ராத்திரி எழுத உட்கார்ந்தபோது பார்த்தால், அன்றைக்கு என்னை யாரும் பகைக்கவில்லை. யாரோ பகைக்கப்போகிறார்கள் என்று நான்தான் ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்கள் எல்லாம் தினப்பலனை என்ன செய்கிறீர்கள்? நம்புவதா வேண்டாமா என்ற சண்டை வேறு இழைகளில் நிறைய இருக்கிறது. அது வேண்டாம்.

---

கேள்விக்குறி | வியாழன், காலை 8:15

சண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், ஆகவே மெதுவாகச் சொல்கிறேன். நெல்லித்தோப்பு. டிவி, மிக்ஸி பழுது பார்க்கிறவன். என் ராசி என்னவென்று எனக்கே தெரியாது.

1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். ஆளுக்கொரு தாள் கொடுத்து, இது உன் குணத்தைப் பற்றித் தனியாக எழுதியது, எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மதிப்பெண் போடு என்றார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் இருந்த வாக்கியங்கள் கடையில் விற்கிற ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து பொறுக்கியவை.

உங்களிடம் அதைவிட நல்ல சோதனைச் சாமான் இருக்கிறது, அந்த முறுக்கு டப்பா. பின்பக்கத்தில் எழுதியதை மட்டும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். முன்பக்கம் என்ன வார்த்தை என்று அவர் சொல்லட்டும். எத்தனை சரியாக வருகிறது பாருங்கள்.

---

தேவனாம்பட்டினத்தான் | வியாழன், காலை 9:40

அக்கா, நல்ல இழை. நான் இப்போது கடலுக்குப் போவதில்லை, ஃபைபர் படகு பழுது பார்க்கிறேன். அப்பா போனார், தாத்தா போனார்.

எங்களுக்குத் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டுதான் ராசிபலன். 1 முதல் 11 வரை எண் உண்டு. கூண்டு ஏறினால் போட்டை மேட்டில் இழுத்துப் போடுவோம், வலையை வீட்டுக்குக் கொண்டுபோவோம். சில தடவை புயல் ஒதுங்கி வேறெங்கோ போய்விடும். பொய்க் கூண்டு என்று யாரும் திட்டுவதில்லை. அந்த இரண்டு நாளில் கிழிந்த வலையைப் பின்னி முடித்திருப்போம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது கடற்கரையில் ஒரு மரம் நேராக இல்லை. ஆனால் முன்கூட்டியே கூண்டு ஏறியிருந்தது, சொல்லியிருந்தார்கள்.

சொல்லாமல் வந்ததும் உண்டு. 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. பௌர்ணமி என்பதால்தான் கடல் பொங்கியது என்று ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள். சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி பிளந்ததற்கு நிலா என்ன செய்யும்? அன்றைக்கு எங்கள் வீட்டுக் காலண்டரில் என் ராசிக்கு என்ன வார்த்தை இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. காலண்டர் மாட்டியிருந்த சுவரே இல்லை.

ஆனாலும் இப்போது இருக்கிற வீட்டிலும் காலண்டர் மாட்டியிருக்கிறேன். தாளும் கிழிக்கிறேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

---

அச்சுக்கூடம் | வியாழன், பகல் 12:05

மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் பல வருஷம் இருந்தேன். காலண்டர் சிவகாசியிலிருந்து வெறும் அட்டையோடு வரும், நாங்கள் கடைப் பெயரை மட்டும் அடித்துக் கொடுப்போம். அடுத்த வருஷக் காலண்டருக்கான மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்றே சிவகாசியில் வெளியாகிவிடும். ஆக, உங்கள் "மாற்றம்" போன வருஷமே தயார்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. ஒரு தடவை நாங்களே ஒரு சங்கத்துக்குச் சின்ன மாதக் காலண்டர் போட்டோம். பலன் கொடுக்க வேண்டியவர் கடைசி நேரத்தில் ஊரில் இல்லை. பழைய காலண்டர் ஒன்றிலிருந்து வார்த்தைகளை எடுத்து வரிசையை மாற்றிக் கோத்தது அடியேன்தான். எல்லா ராசிக்கும் ஒரே மாதிரி நல்லதும் கெட்டதும் வரவேண்டும் என்று கவனமாகப் பார்த்துக்கொண்டேன். மூன்று "கவலை" தொடர்ந்து ஒரே ராசிக்கு வந்தால் ஒன்றை எடுத்து "தெளிவு" போட்டேன். யாரும் குறை சொல்லவில்லை. சிலர் ரொம்பச் சரியாக இருந்தது என்று சொன்னார்கள், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

---

கேள்விக்குறி | வியாழன், பகல் 12:20

மூன்று கவலைக்கு அப்புறம் ஒரு தெளிவு. கிரகங்களைவிட நீங்கள் இரக்கமானவர்.

---

[பதிவு நீக்கப்பட்டது] | வியாழன், பகல் 1:45

மட்டுறுத்துனர் | வியாழன், பகல் 2:10

பரிகாரம் செய்து தருவதாகத் தொலைபேசி எண் போட்ட பதிவை எடுத்துவிட்டோம். இன்னொரு வேண்டுகோள்: ராசி, நட்சத்திரம் எழுதுவது உங்கள் விருப்பம். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் சேர்த்துப் பொதுவில் போடாதீர்கள். வங்கியில் கேட்கிற கேள்விகளில் பிறந்த தேதியும் ஒன்று.

---

முத்தியால்பேட்டை மருமகள் | வியாழன், இரவு 10:30

பாதிரிமரத்தடி அக்காவுக்குத் தாள் கிழிப்பது சுகமான பழக்கம். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை.

எங்கள் வீட்டில் ஐந்து பேர், ஐந்து ராசி. சந்திரன் ஒரு ராசியில் சுமார் இரண்டேகால் நாள் இருப்பான். பிறந்த ராசிக்கு எட்டாவதில் அவன் இருக்கும் நாள்தான் சந்திராஷ்டமம். ஐந்து பேருக்கும் கூட்டிப் பாருங்கள், 27 நாளில் 11 நாள் வீட்டில் யாராவது ஒருவருக்குச் சந்திராஷ்டமம். அந்த நாட்களில் புதிதாக எதுவும் தொடங்கக் கூடாது, பயணம் கூடாது, வாக்குவாதம் கூடாது. மாமியார் எல்லாவற்றையும் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அதில் ராகுகாலம், எமகண்டம், கரிநாள், அஷ்டமி, நவமி கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. வெள்ளிக்கிழமை காலை 11 மணி. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். அதோடு என் சந்திராஷ்டமம். போகவில்லை. வேறு தேதி கேட்டேன், தரவில்லை. மாமியார் கெட்டவர் இல்லை, என்னை வதைக்க வேண்டும் என்று செய்யவும் இல்லை. நிஜமாகவே பயந்தார். அவர் பயத்தைப் பார்த்து எனக்கும் பயம் வந்தது, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

சனிப்பெயர்ச்சி கதை இன்னும் அழகு. வீட்டுக்காரர் மேஷம், அவருக்கு ஏழரை. பஞ்சாங்கத்தில் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு கணக்கு உண்டு. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்றே சனி மீனத்துக்கு வந்துவிட்டார் என்று விரதம் ஆரம்பித்தார்கள். அப்புறம் திருநள்ளாறு கோவிலில் வாக்கியப் பஞ்சாங்கம்தான், பெயர்ச்சி 2026-ல்தான் என்று அறிவித்தார்கள். சரி, நிம்மதி என்று நினைத்தேன். மாமியார் இரண்டையும் எடுத்துக்கொண்டார். ஏழரை வருஷம் எட்டரை ஆகிவிட்டது.

---

வில்லியனூர் வாத்தியார் | வெள்ளி, காலை 5:40

தங்கைமார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பஞ்சாங்கம் என் தாய்மாமாவிடம் கற்றது. தொழிலாகச் செய்ததில்லை.

அச்சுக்கூடம் தம்பி சொல்வது நடக்கக் கூடியதே. ஆனால் முன்கூட்டியே அச்சடிப்பது ஒரு குற்றம் ஆகாது. சந்திரன் அடுத்த வருஷம் எந்த நாளில் எங்கே இருப்பான் என்பது இப்போதே தெரியும். முறைப்படி பார்ப்பவர்கள் உங்கள் நட்சத்திரத்திலிருந்து அன்றைய நட்சத்திரம் வரை எண்ணி 9-ஆல் வகுப்பார்கள். மீதி 3, 5, 7 வந்தால் விபத்து, பிரத்யக்கு, வதம் என்று தள்ளுவார்கள். மற்றவை தேறும். பெயர்கள்தான் பயங்கரம், கணக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடுவது. காலண்டரின் அடியில் உள்ள ஒற்றை வார்த்தைக்கு இந்த அளவு உழைப்புகூட எல்லா இடத்திலும் இருப்பதில்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு ஜனத்துக்கு ஒரே வார்த்தை என்றால் அது எப்படித் தனிப்பலன் ஆகும்? ஆக, "மாற்றம்" என்பதற்காக வேலையை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

இனி நம் ஊர்க் கதை ஒன்று. கொஞ்சம் நீளம்.

லெ ஜென்டீல் என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்த்துக் கணக்கெடுக்க 1760-ல் கப்பலேறினார். கடக்கும் நாள் 1761 ஜூன் 6. அதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள், கரையிறங்க முடியவில்லை. நாள் வந்தபோது அவர் நடுக்கடலில். ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்ததை வைத்து ஒரு கணக்கும் போட முடியவில்லை. அடுத்தது 1769 ஜூனில் என்பது தெரியும், அதை விட்டால் நூறு வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதும் தெரியும். எட்டு வருஷம் இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். 1768-ல் புதுச்சேரி வந்து இடிந்த கோட்டையின் மேல் ஒரு கண்காணிப்பு நிலையம் கட்டினார்.

காத்திருந்த நாட்களில் இங்கே ஒரு தமிழரிடம் நம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை நம் முறைப்படி போட்டுப் பார்த்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் நம் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் நல்ல அட்டவணைப்படி போட்டால் 68 விநாடி அதிகம். எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில், 1825-ல், இதே புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் சோழிகளைத் தரையில் அடுக்கி, ஓர் எழுத்து எழுதாமல், மனப்பாடமாக ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகியது. முடிவு 52 நிமிடம் பிசகியது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

1769 ஜூன் 4 வந்தது. அதற்கு முந்தைய நாட்களில் வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது. அன்று விடியற்காலையில் மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு சூரியன் பளிச்சென்று வெளியே வந்தது. மனுஷன் பைத்தியம் பிடிக்கும் நிலைக்குப் போய்விட்டார். பதினோரு வருஷம் கழித்து ஊர் திரும்பினால், செத்துப்போனார் என்று முடிவுகட்டிச் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளி எப்போது வரும் என்ற கணக்கு நிமிஷக் கணக்கில் சரி. மேகம் எந்தக் கணக்கிலும் இல்லை. மருமகளே, உன் மாமியாரிடம் இந்தக் கதையைச் சொல். நான் சந்திராஷ்டம நாளில் ஒன்றே ஒன்று செய்வேன்: கோபமாக எழுதிய கடிதத்தை அன்று அனுப்பமாட்டேன். வருஷத்துக்குச் சுமார் 30 நாள் அப்படி வாயைக் கட்டிக்கொண்டால் நஷ்டம் எதுவும் இல்லை. அதற்குமேல் அந்த நாளுக்கு இடம் கொடுத்ததில்லை. என் கல்யாணமே என் சந்திராஷ்டமத்தில்தான் நடந்தது, மாமா வேறு யாரிடமும் சொல்லவில்லை.

---

கேள்விக்குறி | வெள்ளி, காலை 9:05

வாத்தியார் ஐயா, கிரகணக் கணக்குக்கு என் கும்பிடு. அது வேறு, ராசிபலன் வேறு. இரண்டையும் ஒரே தாளில் அச்சடிப்பதுதான் சூட்சுமம். மேலே திதியும் நட்சத்திரமும் சரியாக இருப்பதால் கீழே உள்ள "பகை"யும் சரியாகத்தான் இருக்கும் என்று ஜனம் நினைக்கிறது. 1908-லிருந்து 1918 வரை இந்த ஊரில் இருந்த பாரதியார் சோதிடத்தை இகழச் சொன்னவர் என்பதையும் பதிவு செய்துவைக்கிறேன்.

---

வில்லியனூர் வாத்தியார் | வெள்ளி, காலை 9:30

ஒரே தாளில் அச்சடிப்பது பற்றிச் சொன்னீர்களே, அது நல்ல பாயின்ட். ஒப்புக்கொள்கிறேன். பாரதி இகழச் சொன்னார், அவர் காலத்து ஜனம் கேட்கவில்லை. நம் காலத்து ஜனம் மட்டும் கேட்குமா?

---

முத்தியால்பேட்டை மருமகள் | வெள்ளி, பகல் 3:15

ஐயா, கல்யாண விஷயத்தை மாமியாரிடம் சொல்லிவிட்டேன். "அவருக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். விசாரித்துவிட்டுத்தான் நம்புவாராம்.

---

வில்லியனூர் வாத்தியார் | வெள்ளி, பகல் 3:40

மூன்று. எல்லோரும் சௌக்கியம். பேரப்பிள்ளைகள் ஐந்து.

---

பாதிரிமரத்தடி | சனி, இரவு 9:20

கேள்விக்குறி தம்பி சொன்ன சோதனையை இன்று சாயந்தரம் செய்தோம். ஊகிக்கும் ஆள் அம்மா. அவரைவிடக் காலண்டர் தெரிந்தவர் யார்? டப்பாவைக் குலுக்கிக் கண்ணை மூடி 20 தாள் எடுத்தேன். நான் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும், அவர் முன்பக்க வார்த்தையைச் சொல்ல வேண்டும். அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு பரீட்சைக்கு உட்காருவது போல் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

20-ல் 4 சரி. அதில் 2 "செலவு". செலவில்லாத நாள் எந்த வீட்டில் இருக்கிறது? "காஸ் சிலிண்டர் வந்தது, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து" என்று படித்ததற்கு அம்மா "செலவு" என்றார். முன்பக்கம் "சுகம்". "முதலாளி மகன் எல்லோர் முன்னாலும் கத்தினான், நான் பதில் பேசவில்லை" என்பதற்குப் "பகை" என்றார். முன்பக்கம் "பாராட்டு". அதற்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

ஐந்தாறு தாளுக்கு அப்புறம் அம்மா பேருக்கு ஒரு வார்த்தை சொல்வதோடு சரி. "அப்புறம்? மேலே படி" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. அந்தத் தாள்களில் இருப்பது என் நாட்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லாதவை. கால் வீங்கியது, ஒரு பேரேட்டில் 340 ரூபாய் இடித்துக்கொண்டு இரவு எட்டு மணிவரை உட்கார்ந்தது, மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்து தெருநாய்க்குப் போட்டது. அந்தத் தாளுக்கு அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். புளிச்சாதம் அன்றைக்கு.

அப்புறம் நானே ஒன்றைக் கவனித்தேன். கடைசியாக வந்த தாள்களில் திரும்பத் திரும்ப ஒரே வரி: "இன்றும் பதில் சொல்லவில்லை." வரவு என்று போட்ட நாளிலும் அதே வரி, கவலை என்று போட்ட நாளிலும் அதே வரி. ஏழு தாளில் இருந்தது. அம்மா எண்ணினார், விரல் விட்டு. "எத்தன நாளா இதையே எழுதினு இருக்க?" என்றார்.

பதினேழு வருஷமாக ஒரே நாற்காலி. அதன் ஒரு கால் ஆடும், அட்டை மடித்து வைத்திருக்கிறேன். எனக்குப் புதுச்சேரியும் பஸ்ஸும் பிரச்சினையில்லை. புதுக் கடையில் கணக்கு தப்பினால் அது என் கணக்கு. இங்கே தப்பினால் மேலே ஒருவர் இருக்கிறார். அதைத்தான் மூன்று வாரமாக எந்தத் தாளிலும் எழுதவில்லை.

---

தேவனாம்பட்டினத்தான் | சனி, இரவு 10:05

அக்கா, புளிச்சாதத்தை நாய்க்குப் போட்டதை எழுதி வைத்திருக்கிறீர்களே. எவ்வளவு தைரியம்.

---

அச்சுக்கூடம் | ஞாயிறு, காலை 7:30

20-ல் 4. நான் கோத்த காலண்டர்கூட அதைவிடக் கூடுதல் மார்க் வாங்கியிருக்கும் போலிருக்கிறதே. சும்மா சொன்னேன்மா. போய்ப் பாருங்கள். ஆடுகிற நாற்காலியை முதலாளி இத்தனை வருஷம் பார்க்காமலா இருந்திருப்பார்?

---

கேள்விக்குறி | ஞாயிறு, காலை 8:00

சோதனை முடிவு எதிர்பார்த்ததுதான். ஆனால் சோதனையில் நடந்த மற்றது எனக்கு எதிர்பாராதது. நானும் ஒரு நோட்டு வாங்கலாமா என்று யோசிக்கிறேன். ராசி இல்லாமல், வெறும் தேதி போட்டு.

---

முத்தியால்பேட்டை மருமகள் | ஞாயிறு, பகல் 11:50

வெறும் தேதி போட்டால் எழுதமாட்டீர்கள் தம்பி. முயற்சி செய்திருக்கிறேன். டைரியில் ஜனவரி மூன்றோடு நின்றது. எதிரே ஒரு வார்த்தை இருந்தால் அதை மறுப்பதற்காகவாவது கை எழுதும்.

இன்று நானும் ஒரு தாளை மாமியாருக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருக்கிறேன். சிவப்பு வட்டம் போட்ட தாள். பின்னால் இன்னும் எதுவும் எழுதவில்லை.

---

பாதிரிமரத்தடி | செவ்வாய், இரவு 9:45

ஞாயிறு சாயந்தரம் முதலாளிக்குப் போன் போட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். நேற்றுக் கடையைப் பார்த்து வந்தேன். கடலூரிலிருந்து பஸ்ஸில் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் பாதி தூரம் வந்துவிட்டது போல் எனக்குத் தோன்றும், நிஜத்தில் அது ஆரம்பம்தான். 2024 டிசம்பரில் சாத்தனூர்த் தண்ணீர் ஊருக்குள் வந்து போன கறை சில வீட்டுச் சுவரில் இன்னும் இடுப்பளவுக்கு இருக்கிறது. முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் எல்லாம் ஜன்னலில் போயின. காலை நேரத்தில் முதலியார்பேட்டையில் மட்டும் பஸ் நகரவே இல்லை. கடையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை.

நாளைக்குச் சேர்கிறேன். அம்மாவிடம் சொன்னதும் எழுந்துபோய்க் காலண்டரைப் பார்த்தார். புதன்கிழமை வடக்கே சூலம். புதுச்சேரி நமக்கு வடக்கு. பரிகாரம் பால். சூலத்துக்கு எதிரே போகிறவர்கள் பாலைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

"செவ்வாய்க்கும் வடக்குதானே? அப்போ வாரத்துக்கு இரண்டு நாள், ரிடையர் ஆகும்வரை பால் குடிக்கணுமா?" என்று கேட்டேன். "குடி. அந்தப் புளிச்சாதத்துக்கு இது தேவல" என்றார். பால்காரரிடம் செவ்வாய், புதனுக்கு மட்டும் கால் லிட்டர் கூடுதலாகச் சொல்லியாயிற்று.

---

கேள்விக்குறி | செவ்வாய், இரவு 10:10

வாழ்த்துகள் அக்கா. ஒரு புதன்கிழமை பால் குடிக்காமல் போய்ப் பாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?

---

பாதிரிமரத்தடி | செவ்வாய், இரவு 10:25

பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு முழு இழையையும் படித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் பதிவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். கேட்டுச் சொல்லச் சொல்கிறார்: அந்தத் தம்பி எந்த நட்சத்திரம், அவங்க அம்மாவுக்காவது தெரியுமா?